காசிமேடு எபிசோடு: எடிட்டிங் டைரி

ஏப்ரல் 10, 2025, வியாழன்

15ஆம் தேதி மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிக்குது, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விக்கிற பெண்களைப் பத்தின ஆடியோ சீரிஸுக்கு பேட்டிய எப்ப வேணா எடுத்துக்கலாம், ஆனா ஏலம் நடக்குற சத்தத்த, படகு வந்து நிக்கிற சத்தத்த இந்த வாரத்த விட்டா ரெண்டு மாசத்துக்கு எடுக்க முடியாது. இந்த மாதிரி தேதியெல்லாம் கிளையன்ட் சொல்ல மாட்டாங்க, தனியா வேலை பாக்குறவங்க நாமதான் பாத்து வச்சிக்கணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இருட்டோட சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயாச்சு. தடைக்கு முந்தின கடைசி ஞாயிறு, கால் வைக்க இடமில்ல. ஐஸ் உடைக்கிற மெஷின், டீசல் இன்ஜின், கூடைய தரையில இழுக்குறது, வழி விடு வழி விடுன்னு கத்துறது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வருது. ஏலம் கூவுறவர் வாய்கிட்ட மைக்க நீட்டினா அவர் குரல் மட்டும்தான் கிடைக்கும், நாலடி தள்ளி நின்னாதான் இந்தப் பக்கம் ஒருத்தர் ஏத்திக் கேக்குறதும் அந்தப் பக்கம் ஒருத்தர் முனகுறதும் சேர்ந்து அந்த இழுபறி காதுல விழுது. காத்துக்கு மைக் மேல பொசுபொசு உறை போட்டிருந்தேன், கடலோரத்துல அது இல்லாம ஒண்ணும் நடக்காது.

அப்புறம் மீன் விக்கிற ஒரு ஆயாகிட்ட பேட்டி. "இன்னா கண்ணு, இத்தினி சத்தத்துல நான் பேசுறது கேக்குமா?"ன்னு கேட்டாங்க. கேக்கும் ஆயா, நீங்க பேசுங்கன்னேன். கடன் வாங்கி மீன் எடுக்குறது, வட்டி, மழை நாள்ல விக்காமப் போனா என்ன ஆகும்னு நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க. முடிஞ்சதும் அதே இடத்துல யாரும் பேசாம ரெண்டு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணேன். நடுவுல வெட்டினா அந்த இடைவெளிய மூட இதுதான் வேணும், ஸ்டுடியோல உருவாக்க முடியாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கிளையன்ட் மெசேஜ்: பின்னாடி சத்தமே வேணாம், குரல் மட்டும் சுத்தமா வேணும்.

நாய்ஸ் கேட் போட்டுப் பாத்தேன், சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா தானா மூடிக்கிற கருவி அது. தமிழ்ப் பேச்சுல இது பெரிய பிரச்சனை, ஏன்னா நம்ம வார்த்தைங்க பாதி உகரத்துல முடியுது, வந்துச்சு, போச்சு, கேட்டு, அந்த கடைசி உகரம் குறுகி ரொம்ப சன்னமா வரும், கேட் அத சத்தம் நின்னுடுச்சுன்னு நெனச்சு மூடிடுது. ஆயா ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதில முழுங்குற மாதிரி ஆயிடுது. சாஃப்ட்வேர்ல இரைச்சல மொத்தமா எடுத்தா இன்னும் மோசம், தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. அதனால இன்ஜின் இரையுற கீழ் அலைவரிசைய மட்டும் குறைச்சேன், மிச்சத்த கையால ஒவ்வொரு இடமா இறக்கினேன். ராத்திரி ஆயிடுச்சு.

ஏப்ரல் 17, வியாழன்

இந்த வேலைக்கு காசு முடிஞ்ச எபிசோடோட நீளத்த வச்சு பேசினது. இனிமே அப்படி ஒத்துக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓடுறதுக்குப் பின்னாடி எவ்ளோ கேட்டுத் தள்ளியிருக்கோம்னு அந்த கணக்குல வராது. களத்துல எடுக்குறதுக்கு தனி ரேட், எடிட்டிங்குக்கு தனி, மிக்ஸிங்குக்கு தனி, பாதி முன்பணம். புதுசா வர்றவங்களும் இத முதல் நாளே எழுதி வாங்கிடுங்க.

ஏப்ரல் 19, சனி

வானொலில இருந்து ரிட்டயர் ஆன ஒரு சாரப் பாத்தேன். ஸ்பூல் டேப்ப பிளேடால சாய்வா வெட்டி ஒட்டுவாங்களாம், நேரா வெட்டினா ஒட்டின இடத்துல டக்குன்னு கேக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி டேப்ப கையால முன்ன பின்ன உருட்டி மூச்சு எங்க இருக்குன்னு தேடுவாங்களாம். ஆயா பேட்டியப் போட்டேன், கண்ண மூடி கேட்டவர், வட்டி பத்தி சொல்றதுக்கு முன்னாடி வர்ற மூச்ச மட்டும் தொட்டுடாதம்மான்னார். அத நான் ஏற்கெனவே வச்சிருந்தேன், கேக்க சந்தோஷமா இருந்துச்சு.

ஏப்ரல் 21, திங்கள்

லவுட்னெஸ், அதாவது மொத்தமா காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுங்கிற அளவு, மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ்ல வச்சேன், பீக், அதாவது உச்ச சத்தம், மைனஸ் 1 டெசிபல தாண்டல. ஹெட்ஃபோன்ல கேட்டேன், அப்புறம் போன் ஸ்பீக்கர்ல, அப்புறம் 56ஏ பஸ்ல இயர்போன் போட்டு. பஸ்லயும் ஆயா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் முழுசா வந்துச்சு.

ரெண்டு மிக்ஸ் அனுப்பினேன், ஒண்ணு அவங்க கேட்ட சுத்தமான குரல், இன்னொண்ணு துறைமுகத்தோட. சாயங்காலம் பதில் வந்துச்சு, ரெண்டாவதே போட்டுக்கலாமாம். அப்படியே தடை முடிஞ்சு படகு கிளம்புற ராத்திரிக்கும் ஒரு எபிசோடு கேட்டாங்க. புது ரேட்ட அனுப்பிட்டேன்.