கோத்தகிரியில் உட்கார்ந்து எழுதிப் பிழைப்பது

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எப்படி நன்றாக எழுதுவது என்றுதான். பணம் எப்போது வரும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நான் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டு கோத்தகிரிக்கு வந்து, எழுத்தையே சோறாக்கிக்கொண்டு சில வருடங்கள் ஆகின்றன. எழுதுவது இதில் பாதி வேலைகூட இல்லை. யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது, வராவிட்டால் எப்படித் துரத்துவது, மிச்ச நேரமெல்லாம் இதிலேயே போகிறது.

மலையில் இருக்கிறேன் என்றதுமே எடிட்டர்களுக்கு ஞாபகம் வருவது மே மாத மலர்க் கண்காட்சியும் ஊட்டி வர்க்கியும்தான். அதைச் சென்னையில் மேஜையில் இருந்தபடியே யாராலும் எழுதிவிட முடியும், அதற்கு எனக்கு எதற்குக் காசு தரவேண்டும்? எனக்கு முதன்முதலில் ஒழுங்காகப் பணம் தந்தது கேத்தி பள்ளத்தாக்குக் கேரட். அங்கே ஆட்கள் நடுராத்திரியில், தலையில் டார்ச் லைட்டை மாட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் கேரட் பிடுங்குவார்கள். பிடுங்கியதை மெஷினில் போட்டுக் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி மலையிறக்கி மேட்டுப்பாளையம் மண்டியில் சேர்ப்பார்கள். இங்கே உள்ளவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சாம்பாரில் போடுகிற கேரட் இப்படித்தான் வருகிறது என்று கீழே எத்தனை பேருக்குத் தெரியும்?

எடிட்டருக்கு அனுப்பும் மெயில் சின்னதாக இருக்கட்டும். விஷயம் என்ன, இப்போது ஏன், யார் யாரிடம் பேசப்போகிறேன், படம் உண்டா, அவ்வளவுதான். நான் சிறுவயதிலிருந்தே வாசகன் என்கிற கதையெல்லாம் வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் வராவிட்டால் அதே யோசனை அடுத்த இடத்துக்கு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள், இரண்டு பேரும் சரி என்றுவிட்டால் சங்கடம்.

அப்புறம் விலை. எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்து ஃபேக்டரியில் போட்டுவிடுவார்கள், அதற்கு என்ன விலை என்பது குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் பார்த்துப் பின்னால்தான் தெரியும். அவர்களுக்கு வேறு வழியில்லை, இலை முற்றிப்போகும். நமக்கு அந்த அவசரம் கிடையாது, ஆனாலும் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டுரையைக் கொடுத்துவிட்டு "பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று நிற்கிறார்கள். எவ்வளவு, எப்போது, படத்துக்குத் தனியா, பஸ் செலவு யாருடையது, எத்தனை முறை திருத்தித் தரவேண்டும், எழுதச் சொல்லிவிட்டுப் போடாமல் விட்டால் பாதியாவது உண்டா என்பதையெல்லாம் எழுத ஆரம்பிக்கும் முன்பே மெயிலில் கேட்டுவிடுவேன். போனில் பேசினாலும், "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுவேன். இதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும், அவர்களிடம் பணமும் வந்திருக்காது.

உரிமை விஷயத்தையும் பாருங்கள். சில இடங்களில் சம்மதப் படிவம் என்று ஒன்று வரும், உள்ளே எல்லா உரிமையும் என்றென்றைக்கும் எங்களுக்கே என்று இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் அர்த்தம். நான் அந்த வரியை அடித்து, முதல்முறை வெளியிடும் உரிமை மட்டும் என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், பெரிய சண்டை ஒன்றும் இல்லை, மாற்றிக் கொடுத்தார்கள். அதனால்தான் அதே கேரட்டை அப்புறம் வேறொரு விவசாயப் பத்திரிகைக்கு வேறு கோணத்தில் எழுத முடிந்தது, ஆங்கிலத்திலும் ஒன்று போனது.

பத்திரிகையை மட்டும் நம்பினால் வாடகை கட்ட முடியாது, இதை மறைக்க ஒன்றுமில்லை. என் மாதச் செலவைத் தாங்குவது ரிசார்ட்டுகளின் இணையதளத்துக்கும் தேயிலைப் பாக்கெட்டுகளுக்கும் எழுதுகிற வரிகள்தான். இதில்தான் பாக்கி நிற்கும். ஒரு சுற்றுலா நிறுவனம் மாதக்கணக்கில் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கோம்" என்றே ஓட்டியது. அப்போதுதான் குறு, சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவைச் செய்தேன். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது, காசு கேட்கிற ஏஜென்ட்டுகளிடம் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: நமக்கு உரிய நாளில் தராத தொகையை, தந்து முடிக்கும் வரை அந்த நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சடித்த பிறகு, நிதியாண்டு முடிகிற மார்ச் நெருங்கினால் அக்கவுண்ட்ஸ்காரர்களே போன் செய்கிறார்கள். எனக்கு இன்னும் அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வருகிற பணத்தில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது தருகிறவர்களே முன்கூட்டிக் கழித்துக் கட்டுகிற வருமான வரி, பிடித்திருப்பார்கள். ஒரு நிறுவனம் வருடத்துக்கு 30,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பிடிக்க வேண்டும் என்று இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் 50,000 ஆனது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணத்தை நம் பெயரில் கட்டினார்களா என்று வருமான வரி இணையதளத்தில் நம் கணக்கில் போய்ப் பாருங்கள். வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

இந்த ஊரில் இருப்பதால் இன்னொரு ஏற்பாடும் தேவைப்படுகிறது. அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழும், கரண்ட் போகும், அதோடு நெட்டும் போகும். எடிட்டருக்கு அதெல்லாம் சாக்காகத்தான் கேட்கும். அந்த இரண்டு மாதமும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுகிறேன், கூடவே இன்வாய்ஸையும்.