ஹான்டா காய்ச்சலில் சிறுநீரில் தெரிந்த சர்க்கரை

பின்லாந்தின் தாம்பெரே நகரில் வசிக்கும் நாங்கள், இங்குள்ளோர் ‘மியூராகூமே’ என்று அழைக்கும் காய்ச்சலைப் பற்றி அதுவரை கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். செம்பழுப்பு நிறச் சிறு காட்டெலியின் எச்சமும் சிறுநீரும் தூசியோடு கலந்து மூச்சுக்குள் போவதால், ஹான்டா வகையைச் சேர்ந்த பூமலா வைரஸ் தொற்றுகிறது. இலையுதிர் காலத்தில் நண்பரின் கோடை வீட்டு விறகுக் கொட்டகையைப் பெருக்கிக் கொடுத்த என் கணவருக்குச் சில வாரங்கள் கழித்துக் கடுங்காய்ச்சலும், தலைவலியும், நிமிரவிடாத முதுகுவலியும் வந்தன. பார்வையும் சற்று மங்கியது.

அவசரப் பிரிவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்தும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் உயர்ந்தும் இருந்தன. எதிர்ப்புப் பொருள் சோதனை பூமலா தொற்றை உறுதி செய்தது. சிறுநீரில் தோய்த்த பட்டையோ புரதம், இரத்தம் ஆகியவற்றோடு குளுக்கோஸையும் காட்டியது. மாமனார், மாமியார் இருவருக்குமே நீரிழிவு உண்டு. தொலைபேசியில் இதைக் கேட்டதும் மாமியார், “அவனுக்கும் சர்க்கரை வந்துடுச்சாம்மா?” என்று அழுதேவிட்டார்.

மருத்துவர் அளித்த விளக்கம் வேறாக இருந்தது. கணவரின் இரத்தச் சர்க்கரை அப்போது 7.4 மில்லிமோல், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 133 மில்லிகிராம். வழக்கமாக அது 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதற்குக் கீழேயே இறங்குகிறதென்றால், வடிகட்டிய சர்க்கரையை மீண்டும் இரத்தத்துக்கு அனுப்ப வேண்டிய சிறுநீரக நுண்குழல்கள் அடிபட்டிருக்கின்றன என்று பொருள். தாம்பெரே மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பூமலா நோயாளிகளுள் ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்குச் சிறுநீரில் குளுக்கோஸ் இருந்ததையும், அவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். சில நிமிடங்களில் முடியும், செலவு மிகக் குறைந்த ஒரு சோதனை இவ்வளவு முன்கூட்டியே எச்சரிப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் பேரில்தான் கணவரை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்த்தார்கள்.

எச்சரிக்கை பொய்க்கவில்லை. சிறுநீர் வெகுவாகக் குறைந்து, கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறியது. இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லாததால், காலைதோறும் எடை பார்த்து, உடலில் நீர் தேங்காதபடி திரவத்தை அளந்து கொடுத்தார்கள். டயாலிசிஸ் தேவைப்படலாம் என்றும் சொல்லி வைத்தார்கள். இடையில் இரத்தச் சர்க்கரையும் சற்று உயர்ந்தது. கடும் நோயில் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருகி இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் நீரிழிவு இல்லாதவர்க்கும் இப்படி நேரும் என்றார்கள். இதே ஹான்டா வகையைச் சேர்ந்த ஹான்டான் என்னும் வைரஸ் பரவும் சீனாவிலும், நோய் முற்றியவர்களுக்குச் சர்க்கரை அளவு கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் இந்த அடையாளத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாக்ளிபுளோசின், எம்பாக்ளிபுளோசின் மாத்திரை எடுப்பவர்களின் சிறுநீரில் எப்போதும் குளுக்கோஸ் இருக்குமாதலால், அவர்களிடம் இந்தப் பட்டை காட்டும் குளுக்கோஸ் எதையும் முன்னறிவிக்காது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது மெட்பார்மினையும் நிறுத்தி வைப்பார்கள் என்பதால், என்னென்ன மாத்திரை எடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதுகுவலிக்கு இபுப்ரோபென் போடுவது சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை.

டயாலிசிஸ் இல்லாமலேயே கணவர் தேறினார். சிறுநீர் திரும்பியபோது லிட்டர் கணக்கில் போனது. அந்தக் கட்டத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விடாமல் கவனித்தார்கள். பின்னர் மறுபரிசோதனைக்குச் சென்றபோது பட்டையில் குளுக்கோஸ் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் இயல்பாகவே இருந்தது. பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இருப்பதால் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமியாரிடம் அதையும் சேர்த்தே தெரிவித்தேன்.