போய்ன் ஆற்றங்கரைக் கதைகள்

அயர்லாந்தின் கிழக்கே ஓடும் போய்ன் ஆறு பிறந்த கதை, எங்கள் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஞானம் சுரக்கும் கிணறு ஒன்று இருந்ததாம். அதை நெருங்கக் கூடாதென்று விலக்கப்பட்டிருந்த போவன் என்னும் தேவி அதனை அப்பிரதட்சிணமாகச் சுற்றியபோது, நீர் பொங்கியெழுந்து அவளைக் கடல்வரை துரத்தியதாகவும், அந்த ஓட்டமே ஆறாயிற்று என்றும் பழைய ஏடுகள் கூறுகின்றன. டப்ளினில் வசிக்கும் என் சின்னம்மாவின் மகள், காரை ஓட்டியபடியே இதைச் சொல்லி முடித்து, “எங்கட கன்னியாக் கதை மாதிரியெல்லோ இருக்கு, அண்ணா?” என்று கேட்டாள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளை ஊன்றிய இடங்களில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஊறின என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது எனக்கும் அப்போது நினைவில் வந்திருந்தது.

அந்த ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச் என்னும் கல்லறைமேடு ஏறத்தாழக் கி.மு. 3200இல் கட்டப்பட்டது, எகிப்தின் கீசாப் பிரமிடுகளைவிடப் பழமையானது. அடிவாரத்தைச் சுற்றி 97 பெருங்கற்கள் நிற்கின்றன. 19 மீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய கல்வழியில் குனிந்தும் பக்கவாட்டாகத் திரும்பியும் சென்றால், ஐயாயிரம் ஆண்டுகளாக மழைநீர் இறங்காத கற்கூரையின் கீழ் நிமிர்ந்து நிற்கலாம். டிசெம்பர் மாதத்தில், ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய சில நாட்களில், வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பினூடாக உதயசூரியனின் கதிர் நுழைந்து, சுமார் 17 நிமிடங்கள் அந்த அறையின் தரையில் கிடக்கும். அந்நாட்களில் உள்ளே நிற்பதற்குக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். மற்றையோருக்கு, விளக்குகளை அணைத்துவிட்டு, அக்காட்சியை மின்னொளியால் காட்டுகிறார்கள்.

என்னை மிகவும் ஆட்கொண்டது, அந்த ஒளி மீண்டும் அறியப்பட்ட விதமே. 1962 முதல் அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெலியிடம், ஆண்டில் ஏதோ ஒரு நாளில் சூரியன் கல்லறைக்குள் புகும் என்ற பேச்சு அவ்வட்டாரத்தில் இருப்பதைப் பலர் சொன்னார்கள். வேறோர் இடத்தைப் பற்றிய செய்தியோடு அவர்கள் குழப்பிக்கொள்வதாகவே அவர் முதலில் எண்ணினார். ஆயினும் அதைத் தள்ளிவிடாமல், வாயில் தென்கிழக்கை நோக்கியிருப்பதால் குளிர்காலத்தில்தான் அது நிகழக்கூடும் என்று கணித்து, 1967 டிசெம்பர் 21ஆம் திகதி விடியுமுன் உள்ளே சென்று காத்திருந்தார், ஒளி வந்தது. அதே மேட்டை ஆண்ட தக்டா என்னும் தெய்வம், தன் மகன் ஏங்கஸ் ஒரே பகலில் கருவாகிப் பிறப்பதற்காகச் சூரியனை ஒன்பது மாதங்கள் நிறுத்திவைத்தது என்ற கதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கையில், கதை சொன்னவர்கள் வானத்தையும் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அருகிலுள்ள டௌத் மேட்டுக்கு இதைவிட வியப்பான கதையொன்று உண்டு. சகோதரியின் மந்திரத்தால் சூரியனின் ஓட்டம் நிற்க, அதைக் கட்டுவித்த மன்னன், அவளையே கூடியதால் மந்திரம் குலைந்து இருள் சூழ்ந்தது என்று 11ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். நியூகிரேஞ்சில் கிடைத்த ஓர் ஆணின் எலும்பை மரபணு ஆய்வுக்கு உட்படுத்தியவர்கள், அவனுடைய பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்தவர்கள் என்று 2020இல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுகள் ஒரு செய்தி வாய்வழியே தங்கியது என்று இதைக் கொண்டு உறுதிகூற இயலாது. ஆனால் வாய்வழக்கை வெறும் கற்பனையென ஒதுக்குவோருக்கு இது போதிய மறுமொழி.

அயர்லாந்தின் வட கடற்கரையில், ஃபின் என்னும் வீரன் ஸ்கொட்லாந்துக்கு அமைத்த பாதை எனப்படும் சுமார் 40,000 எரிமலைக் கற்றூண்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் தாராக் குன்றைச் சொல்ல விரும்புகிறேன். உரிய அரசன் தீண்டினால் ஒலியெழுப்பும் எனப்பட்ட லியா பால் என்னும் கல் நிற்கும் அக்குன்றில், விவிலியத்தின் உடன்படிக்கைப் பேழை புதைந்திருக்கிறதென்று நம்பிய ஒரு குழுவினர் 1899 முதல் 1902 வரை தோண்டிப் பழைய மண்ணரண் ஒன்றைச் சிதைத்தார்கள். கவிஞர் யேட்ஸ், அயர்லாந்துத் தேசியவாதி மோட் கோன் முதலியோர் அதனை எதிர்த்தார்கள். அந்த மண்ணில் விளையாத ஒரு கதையைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றினால் என்ன நேரும் என்பதைத் திருகோணமலைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மண்ணில் விளைந்த கதையோ காவல் நிற்கிறது. வயல்களின் நடுவே வட்டமான பழைய மண்கோட்டைகள் பல்லாயிரம் எஞ்சியிருப்பதற்கு, அவை தேவதைகளின் வாசத்தலம் என்றஞ்சி உழவர்கள் கைவைக்காததும் ஒரு காரணம். 1999இல் கிளேர் மாவட்டத்தில் புதிய வீதிக்காக ஒரு முள்மரத்தை வெட்ட இருந்தபோது, அது தேவதைகள் கூடும் இடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். மரத்தை விட்டுவைத்தே வீதியை அமைத்தார்கள்.

ஊர் திரும்பியபின், சுவாமி மலையின் இராவணன் வெட்டைப் பற்றியும், குளக்கோட்டன் என்னும் மன்னன் பூதங்களைக் கொண்டு கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தது பற்றியும் முதியவர்கள் சொல்வதை, அவர்கள் சொல்லும் வடிவிலேயே எழுதி வருகிறேன். தம்பலகாமத்திலும் மூதூரிலும் இக்கதைகளை வேறுவிதமாகக் கேட்டவர்கள் இருந்தால், அந்த வேறுபாட்டோடு எனக்கு எழுதியனுப்புங்கள்.