முதலில் கையைப் பாருங்கள்

குடியைக் குறைக்கும் வேலை காலையில் தொடங்குகிறது. எழுந்ததும், பல் தேய்க்கும் முன், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள். நடுங்குகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறதா? ஆம் என்றால் நேரே மருத்துவமனை. வீட்டில் குறைப்பதற்குக் கீழே சொல்லும் கணக்கு உங்களுக்கானது இல்லை. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கும் இதே பதில்தான். மற்றவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம்.

இந்தப் பாதையில் போய் வந்த சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். யார் எதற்காகக் குடிக்க ஆரம்பித்தார் என்ற கதைகளை விட்டுவிட்டோம். அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன.

அடுத்தது கணக்கு. நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். அதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 மில்லி குவாட்டர் ஆறு அலகு. 375 மில்லி ஆஃப் பன்னிரண்டரை. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் இரண்டரை அலகு; 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. ‘ஹாட்டை விட்டுட்டேன், இப்ப பீர் மட்டும்தான்’ என்று சொல்லி ராத்திரிக்கு இரண்டு ஸ்ட்ராங் அடிப்பவர், பழைய குவாட்டரைவிட இரண்டு அலகு கூடுதலாகத்தான் குடிக்கிறார். பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.

பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவர்கள் 2016இல் வகுத்த குறைந்த ஆபத்து எல்லை வாரத்துக்கு 112 கிராம். நம் கணக்கில் இரண்டு குவாட்டர்கூட இல்லை, அதுவும் ஒரு வாரம் முழுக்க. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிவைப்பது நல்லது. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாருடன், அதற்கு முந்தைய அரை மணி நேரம் மனம் எப்படி இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் பலர் பதில் எழுதுவதில்லை. பிறகு உதவுவதும் அந்த ஒன்றுதான்.

ஏனென்றால் பெரும்பாலான தாள்களில் ‘பதற்றம்’, ‘மனசு சரியில்லை’, ‘தூக்கம் வராது என்று’ என்றிருக்கும். அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய நாள் குடி. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் வேகத்தை அடக்குகிறது, குளூட்டமேட் வேகத்தைக் கூட்டுகிறது. ஆல்கஹால் காபாவின் வேலையைத் தூக்கிவிட்டு, குளூட்டமேட்டை அமுக்குகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை தன் பங்குக்கு எதிர்த்திசையில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சரக்கு இறங்கியதும் அந்தத் திருத்தம் மட்டும் மிஞ்சுகிறது. படபடப்பு, காரணமில்லாத பயம், சின்னச் சத்தத்துக்கே எரிச்சல் எல்லாம் அதனால் வருபவை.

தூக்கமும் அப்படித்தான். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது 7 முதல் 10 கிராம்வரைதான். இரவு எட்டரைக்கு ஆரம்பித்த குவாட்டர் உடம்பைவிட்டு இறங்க விடியற்காலை மூன்று, நான்கு மணி ஆகும். அந்த நேரத்தில்தான் விழிப்பு வந்து, கடன், வேலை, பழைய சண்டை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். குடித்தால் படுத்ததும் தூங்கிவிடுகிறோம் என்பது உண்மை. ஆனால் கனவுத் தூக்கம் வெட்டுப்பட்டு, பின்னிரவு பாழாகிவிடுகிறது.

நெடுநாள் அதிகம் குடிப்பவர்களிடம் இன்னும் இரண்டைப் பார்க்கலாம். ஒன்று, மனைவிமீது ஆதாரமில்லாத சந்தேகம்: போனை நோண்டுவது, பின்தொடர்வது, அடிப்பது. இன்னொன்று, நல்ல நினைவு இருக்கும்போதே காதில் யாரோ திட்டுவதுபோலக் குரல் கேட்பது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. பேய் ஓட்டக் கூட்டிப்போய் நாட்களை வீணாக்குகிறார்கள்.

இனி, கை நடுங்குபவர்களின் வழி. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னொரு ஆபத்து உண்டு: நாள், கிழமை, இடம் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, காய்ச்சலோடு உளறும் நிலை. கவனிக்காவிட்டால் உயிர் போகும். கார்த்திகையில் மாலை போட்ட மறுநாள் சிலர் வலிப்பு வந்து விழுவதும், கோயிலிலோ தர்காவிலோ கயிறு கட்டி வந்த இரண்டாம் நாள் ராத்திரி வீட்டில் களேபரமாவதும் இதனால்தான். விரதத்தைக் குறை சொல்லவில்லை. தினமும் ஆஃப் அடித்த உடம்பு ஒரே நாளில் நிறுத்தினால் என்னவாகும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

மருத்துவமனையில் செய்வது சிக்கலான வேலை இல்லை. குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரையை நடுக்கத்துக்குத் தக்கபடி கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரசெபாம். கூடவே தையமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. வீட்டார் அதிகம் தவறு செய்வது இதில்தான். ‘ரெண்டு நாளா சாப்பிடல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று தெருமுனை கிளினிக்கில் கேட்டு, குடியைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பார்கள். தையமின் வறண்டு கிடக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை அடிவாங்கலாம்: கண் ஓரிடத்தில் நிற்காது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும், நினைவு நிரந்தரமாகவே போகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸைக் கூப்பிடுங்கள், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

நடுக்கம் இல்லாதவர்கள் வீட்டில் குறைப்பதற்கு வருவோம். முதல் பிரச்சினை குவாட்டர் பாட்டிலேதான். தினமும் ஆறு அலகு குடிப்பவர் ஐந்துக்கு இறங்க வேண்டுமானால் 30 மில்லி பாட்டிலில் மிஞ்ச வேண்டும். மிஞ்சுமா? மிஞ்சாது. அதனால் 30 மில்லி அளவு டம்ளரை வைத்து முதலிலேயே ஒரு பெக்கை அளந்து சிங்க்கில் கொட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். காசு போகிறதே என்று வலிக்கும், வலிக்கட்டும். நான்கு நாளுக்கு ஐந்து அலகு, அடுத்த நான்கு நாளுக்கு நான்கு, பிறகு மூன்று. மூன்றுக்கு வந்தபின் வாரத்தில் இரண்டு நாள் முழுவதுமாக விடுங்கள். அடுத்த வாரம் நான்கு நாள். நடுவில் எந்தக் கட்டத்திலாவது காலையில் கை நடுங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, மருத்துவரைப் பாருங்கள்.

டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. அதில் ஆபத்தான நேரம் மாலை ஆறிலிருந்து எட்டரை. வயிறு காலியாக இருந்தால் ஆசை இரட்டிப்பாகும். ஆகவே ஐந்தரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள்: இட்லி, சுண்டல், எதுவானாலும். இனிப்பு கேட்கும், கடலை மிட்டாய் பையில் இருக்கட்டும். ஆசை அலைபோல எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த நேரத்தில் குளிப்பது, பையனை டியூஷனில் விட்டு வருவது என்று கையும் காலும் வேறு வேலையில் இருக்க வேண்டும். கடை இருக்கும் தெருவில் வண்டியை ஓட்டாதீர்கள். வீட்டில் ஸ்டாக் கூடாது. சம்பள நாளில் போனில் பணம் அனுப்பும் வசதியை மனைவியிடம் கொடுத்துவிடுவது வெட்கமான காரியம் இல்லை. ‘ஒரே ஒரு கட்டிங் மச்சி’ என்பவரிடம் வாதம் செய்தால் தோற்றுவிடுவோம். ‘மாத்திரை சாப்பிடுறேன்டா’ என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் அல்ப்ரசோலம் வாங்கிப் போடாதீர்கள். குடியோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். சேராவிட்டாலும் இன்னொன்றுக்கு அடிமையாவீர்கள். தூக்கம் சரியாகப் பல வாரம் பிடிக்கும்.

மனம் சோர்ந்திருப்பவர்கள் அவசரப்பட்டு ‘குடியை விட்டும் நிம்மதி இல்லையே’ என்று முடிவுகட்ட வேண்டாம். குடியால் வந்த சோர்வு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே இறங்கும். ஒரு சொட்டும் இல்லாமல் நான்கு வாரம் போன பிறகும் அழுகையும் வெறுமையும் அப்படியே இருந்தால் அது தனி நோய். அதற்குத் தனி மருந்து வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நான்கு வாரம் எண்ணக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

ஆசையைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. நால்ட்ரெக்சோன் ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம். குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம், ஆனால் டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்தியவர்களுக்கு; சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டைசல்பிராம் ஆசையைக் குறைப்பதில்லை; அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரை இந்த எதிர்வினை வரலாம். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. அவர் சம்மதம் இல்லாமல் எதையும் கலக்காதீர்கள். அன்று ராத்திரி அவர் எப்படியும் குடிப்பார்; பொடியில் டைசல்பிராம் இருந்தால் அதே எதிர்வினை வரும்.

வழுக்கல், அதாவது விட்ட குடிக்கே திரும்புவது, முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றிய ராத்திரி பழைய ஆஃபையே வாங்கிவிடுகிறார்கள். தாங்கும் சக்தி இதற்குள் குறைந்திருக்கும், அதே அளவு இப்போது சாய்த்துவிடும். ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாள் தாளில் எத்தனை அலகு என்று எழுதிவிட்டு அதே பழைய கணக்கில் தொடருங்கள். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டால் மறுபடி கையை நீட்டிப் பாருங்கள். நடுக்கம் இருந்தால், ‘போன தடவை வீட்டிலேயே சமாளிச்சோமே’ என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை விட்டு மீண்டும் குடித்து நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் மூளையை இன்னும் எளிதாகப் பற்றிக்கொள்ளும். போன முறை வெறும் வியர்வையாக வந்தது இந்த முறை வலிப்பாக வரலாம்.