கரண்ட் வைத்த வாய்: கிளினிக் நாட்குறிப்பு

2024 ஜனவரி 9
மளிகைக்கடை அண்ணாச்சி வந்திருந்தார். வலது கன்னத்துக்குள் புற்று, அறுவை முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை ஆரம்பம்: மொத்தம் 60 கிரே (கதிர் அளவின் அலகு), 30 சிட்டிங். பல்லைக் காட்டிவிட்டு வரச்சொல்லி புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். எல்லோரும் இப்படி அனுப்பினால் என் தலைவலி பாதி குறையும்.

கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டில் ஈறு இறங்கி, பல் ஆடுகிறது. "வலிக்கவே இல்லியே டாக்டரம்மா, இப்பம் எதுக்குப் புடுங்கணும்?" நியாயமான கேள்விதான். கதிர் பட்ட தாடை எலும்பில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதைந்துபோகும். அதன்பின் பிடுங்கினால் குழி மூடாமல், எலும்பே செத்து வெளியே தெரியலாம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். வருடங்கள் போனாலும் விலகாது. இன்றே எடுத்துத் தையல் போட்டாயிற்று. ஆற இரண்டு வாரமாவது வேண்டும்.

ஜனவரி 12
மேல் வலப்பக்கம் பழைய உலோகக் கேப் ஒன்று. கதிர் உலோகத்தில் படும்போது எலக்ட்ரான்கள் பின்னோக்கித் தெறித்து, ஒட்டியிருக்கும் கன்னத்தைக் கூடுதலாகப் பொசுக்கும். கழற்ற வேண்டியதில்லை. தெறிப்பது சில மில்லிமீட்டர் தூரம்தான். கேப்புக்கும் கன்னத்துக்கும் நடுவே அவ்வளவு தடிமனில் ஒரு தட்டு இருந்தால் போதும். கதிர் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்து ஸ்கேன் எடுக்கும்போதே அது வாயில் இருக்க வேண்டும் என்பதால் அவசரமாக அச்சு எடுத்தேன். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு ஜெல் வைக்க மெல்லிய தட்டு தனியாக.

பிப்ரவரி 21
வாய் முழுக்கப் புண். பேஸ்ட் எரிகிறதாம். குழந்தைகள் பிரஷ், உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீர். வேறொன்றும் செய்வதற்கில்லை.

ஆகஸ்ட் 6
கீழ் முன்பற்களைப் பார்த்ததும் பகீரென்றது. எப்போதும் எச்சிலில் நனைந்து கிடப்பதால் சாதாரணமாகச் சொத்தையே எட்டிப்பார்க்காத பற்கள் அவை. இப்போது ஈறோரம் சுற்றிலும் பழுப்பாக அரித்திருக்கிறது. வலியே இல்லை, அதுதான் பொல்லாதது. கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வற்றவைத்துவிட்டது. மிச்சமிருக்கும் கொஞ்சமும் அமிலத்தன்மையோடு கெட்டியாக ஊறுகிறது. வாய் காய்கிறதென்று கல்லாவில் உட்கார்ந்தபடி நாள் முழுக்கப் பனங்கல்கண்டை ஒதுக்கியிருக்கிறார். புகையிலை இருந்த இடத்தில் அது!

எதை வைத்து அடைப்பது? கிளாஸ் அயனோமர் ஃப்ளோரைடு விடும், ஆனால் உலர்ந்த வாயில் கரைந்துபோகும். காம்போசிட் நிலைத்து நிற்கும். அதன் விளிம்பில் மறுபடி சொத்தை பிடிக்கும். ஈறோரம் ரெசின் கலந்த அயனோமரே என் தேர்வு. ஜெல் அமிலமில்லாத சோடியம் ஃப்ளோரைடாக இருக்க வேண்டும், அமில ஜெல் அடைப்பையே அரிக்கும். தினமும், ஆயுள் முழுக்க. கல்கண்டுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். சம்மதித்தார், முகம் சுருங்கினாலும்.

நவம்பர் 18
இன்று வேறொரு அம்மா. கரண்ட் வைத்துப் பல வருடமாகிறது. கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உடைந்திருக்கிறது. பிடுங்கிவிடலாம் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார். மாட்டேன் என்றேன். வாய் இரண்டு விரல் அளவே திறக்கிறது, ரூட் கேனல் கருவி நுழையப் பெரும்பாடு. நிறுத்தி நிறுத்தி முடித்தேன். பல்லை ஈறுமட்டத்துக்கு வெட்டி, வேரை உள்ளேயே விட்டு மேலே அடைத்தாயிற்று. அடுத்த மாதம் எக்ஸ்ரே.