வாஷிங்டன் பார்த்தோம், வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, ராத்திரி எட்டுக்குள் இரண்டு தோசை. இந்தக் கணக்கு தவறினால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். 2023-இல் அவரையும் அம்மாவையும் பாஸ்டனுக்குக் கூட்டிப்போய் ஊருக்கு நடுவில் ஒரு ஹோட்டலில் மூன்று ராத்திரி தங்கினோம். நல்ல ஹோட்டல்தான், ஆனால் அறையில் வெந்நீர் வைக்கக்கூட வழியில்லை. அம்மா மூன்று நாளும் பிரெட்டும் வாழைப்பழமும்தான். மதியம் சாப்பிட இடம் தேடி அலைந்ததில் அப்பாவுக்கு நடுத்தெருவில் மயக்கம் வந்து, ஒரு கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த முறை இவர்களைப் பெரிய ஊருக்கு அழைத்துப்போனால் அடுப்பும் கட்டிலும் கூடவே வரவேண்டும் என்று.

அதனால்தான் 2024 அக்டோபரில் வாஷிங்டன் போக ஆர்வி, அதாவது உள்ளேயே அடுப்பும் கட்டிலும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்தோம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை, 25 அடி நீளம். ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை, வழக்கமான கார் லைசென்ஸ் போதும். ஆனால் கார் ஓட்டும் நினைப்பில் ஓட்டக்கூடாது. வண்டியின் உயரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன். போனில் வழி சொல்லும் ஆப்புக்கு நம் வண்டியின் உயரமும் தெரியாது, அடியில் எரிவாயு டேங்க் இருப்பதும் தெரியாது.

அந்த எரிவாயு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப்போல் நியூஜெர்சியிலிருந்து வாஷிங்டன் போகிற யாருக்கும் பால்டிமோரில் இது வந்து நிற்கும். ஐ-95 நெடுஞ்சாலை அங்கே ஃபோர்ட் மெக்கென்ரி சுரங்கப்பாதை வழியாகப் போகிறது, ஐ-895-க்குத் துறைமுகச் சுரங்கப்பாதை. ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் எரிவாயு இருந்தால் இரண்டிலும் போகக்கூடாது, ஆர்வியின் டேங்க் அந்த அளவைத் தாண்டியது. முன்பெல்லாம் ஆர்விக்காரர்கள் கிழக்கே சுற்றி ஐ-695-இல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தைக் கடந்து போவார்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலமே விழுந்துவிட்டது. பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். இனி மேற்கே டௌசன் பக்கமாக அதே 695-இல் சுற்ற வேண்டியதுதான். ஆப் விடாமல் சுரங்கத்துக்கே இழுத்தது. மனைவி முன்பே தாளில் வழியை எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். நான்கு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆனது.

புதன்கிழமை இருட்டும் நேரத்தில் கிரீன்பெல்ட் பார்க் போய்ச் சேர்ந்தோம். தேசியப் பூங்காத் துறை நடத்தும் கேம்ப்கிரவுண்ட், வண்டியை நிறுத்தி அதிலேயே தங்கும் இடம். வாஷிங்டனிலிருந்து 12 மைல்தான், ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒரே காடு, ஓக்கும் பைனுமாக. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் எதிரே இரண்டு மான். பாப்பா தூங்கிப்போயிருந்தாள், எழுப்பிக் காட்டினோம். அம்மா அரை மணி நேரத்தில் ரசம் வைத்துவிட்டார். ஒரு நாட்டின் தலைநகரத்துக்குப் பக்கத்தில், மான் பார்க்க, மிளகு ரசம் சாப்பிட்டோம் என்பதை ஊருக்குப் போன் போட்டு அப்பா மூன்று பேரிடம் சொன்னார்.

இங்கே கரண்ட், தண்ணீர் இணைப்பு கிடையாது. புக் செய்யும்போதே தெரியும், ஒரு ராத்திரிக்கு வண்டியின் பேட்டரி தாங்கும் என்று நினைத்தேன். காலை நான்கு மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. அம்மா புடவை மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஷால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் போடவும் அனுமதி இல்லை. அப்பா மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர், டார்ச் அடித்து பேட்டரி மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

"நூறு ஆம்ப்-அவர் போட்டிருக்கான். லெட் ஆசிட்டுல பாதிக்கு மேல எடுக்கக் கூடாதுடா. உன் ஹீட்டர் ஃபேனே ஏழு ஆம்ப் இழுக்கும். எட்டு மணிக்குப் போட்டே, லைட்டு வேற, நாலு போன் வேற. எப்படி விடியிற வரைக்கும் வரும்?"

எரிவாயுவில் ஓடும் ஹீட்டர்தானே, கரண்ட் எதற்கு என்று நினைப்போம். சூடு எரிவாயுவிலிருந்து வந்தாலும் அதை உள்ளே தள்ளும் விசிறிக்கு பேட்டரிதான். மறுநாள் சாயங்காலம் அனுமதித்த நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டி சார்ஜ் ஏற்றி, ஹீட்டரைக் குறைத்து வைத்து, ஆளுக்கு இரண்டு போர்வை போட்டுப் படுத்தோம், விடியும் வரை தாங்கியது. இளவட்டங்கள் மட்டும் போவதாக இருந்தால் இந்த இடத்தையே எடுங்கள், இந்த அமைதி வேறெங்கும் கிடைக்காது. வயதானவர்கள் கூட வந்தால், குளிர் காலத்தில், ஹூக்கப், அதாவது கரண்ட், தண்ணீர் இணைப்பு உள்ள இடம்தான் சரி.

வாஷிங்டனுக்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போகவே இல்லை. இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருந்தேன். 25 அடி வண்டியை அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். கிரீன்பெல்ட் மெட்ரோ ஸ்டேஷன் பச்சைப் பாதையின் கடைசி நிறுத்தம். அங்கிருந்து கிளம்பும் ரயிலில் உட்கார இடம் நிச்சயம், வயதானவர்களோடு போகும்போது இது எவ்வளவு பெரிய விஷயம். பார்க்கிலிருந்து ஸ்டேஷனுக்கு கேப், அங்கிருந்து மாறாமல் நேரே ஆர்க்கைவ்ஸ் ஸ்டேஷன், வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் நேஷனல் மால், நினைவிடங்களும் அருங்காட்சியகங்களும் சூழ்ந்த நீண்ட புல்வெளி. மெட்ரோவுக்கான ஸ்மார்ட்ரிப் கார்டு அப்போது ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தது, இரண்டு பேர் ஒரே கார்டில் போக முடியாது. எஸ்கலேட்டரில் வலது பக்கம் நிற்க வேண்டும், இடது பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு. அப்பாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது, அம்மாவைக் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், மூன்று மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கேபிடல் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவிடம் வரை சுமார் இரண்டு மைல், படத்தில் பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். முதல் நாள் வாஷிங்டன் நினைவுத்தூணோடு நிறுத்திக்கொண்டோம். புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சரியாக ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார், "கீழ ஒரு கலர், மேல ஒரு கலரா இருக்கே, பாதியில நிறுத்திட்டு அப்புறம் கட்டுனாங்களா?" அதேதான். 1848-இல் ஆரம்பித்தார்கள், 1854-இல் பணம் தீர்ந்து நின்றுபோனது, நடுவில் உள்நாட்டுப் போர், திரும்ப 1879-இல் தொடங்கி 1884-இல் முடித்தார்கள். வேறு சுரங்கத்துப் பளிங்கு, நிறம் ஒட்டவில்லை. 555 அடி. இருபத்தைந்து வருடம் அது நம் ஊர் மொட்டைக் கோபுரம்போல் நின்றிருக்கிறது. யாரும் சொல்லாமலே அதைக் கல்லைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு இன்னும் பெருமை.

வெள்ளிக்கிழமை இடம் மாறும் நாள். அன்றைக்கு ஆயுத பூஜை. கிளம்புவதற்கு முன்னால் அம்மா வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், ஸ்டியரிங்குக்கும் அடுப்புக்கும் கூட. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து மெதுவாக ஏற்றினேன், அப்புறம் தோலையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டோம், காட்டில் மான் தின்றுவிடக்கூடாதே. வாடகை வண்டிக்கு எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, "நம்மள ராத்திரி தூங்க வைக்குதுல்ல" என்றார் அம்மா.

பக்கத்திலேயே லேன்ஹம் என்ற ஊர். அங்கே முருகன் கோயில் இருக்கிறது, சிவா விஷ்ணு கோயிலும் இருக்கிறது. இந்தப் பகுதியில் தங்கினால் இப்படி ஒரு வசதி. வண்டியை முருகன் கோயிலுக்கே ஓட்டிக்கொண்டு போனோம், வார நாள் காலை என்பதால் ஓரமாக நிறுத்த இடம் கிடைத்தது.

மதியம் காலேஜ் பார்க்கில் உள்ள செர்ரி ஹில் பார்க். இது தனியார் இடம். கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் நம் இடத்திலேயே இருக்கிறது. நீச்சல் குளம் உண்டு, நாங்கள் போனபோது வாசலிலேயே பேருந்து வந்து மெட்ரோவுக்குக் கொண்டுபோய் விட்டது. கிரீன்பெல்ட்டைவிட வாடகை நிறையத்தான். ஆனால் அம்மா கொண்டுவந்த 110 வோல்ட் பிரீத்தி மிக்ஸி அன்றைக்குத்தான் ஓடியது, தேங்காய்ச் சட்னி அரைத்தார். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3600 வாட்தான். ரூம் ஹீட்டர் 1500, மைக்ரோவேவ் ஏறக்குறைய அதே அளவு, கூடவே மிக்ஸி என்றால் பிரேக்கர் விழுந்துவிடும். அப்பா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "மைக்ரோவேவ் ஆஃப் பண்ணிட்டியா? இப்பப் போடு மிக்ஸியை" என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவரை இவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. வண்டி கொடுத்தவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள், கொடுத்த குழாயிலும் ஒரு ஓட்டை. வண்டி எடுக்கும்போதே குழாயை விரித்துப் பாருங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, அது முழுவதும் வடிந்த பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் உள்ள தொட்டி. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகியவர்கள், தொட்டி சீக்கிரம் நிறையும் என்பதால் முடிந்தவரை கேம்ப்கிரவுண்டின் குளியலறைகளையே பயன்படுத்தினோம்.

சனிக்கிழமை இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கூட்டம் அதிகம், பாப்பாவுக்கு டைனோசர், மனைவிக்கு ஹோப் வைரம். இது ஸ்மித்சோனியன் நிறுவனத்துடையது, வாஷிங்டனில் உள்ள அவர்களின் அருங்காட்சியகங்கள் எதற்கும் டிக்கெட் காசு கிடையாது. அதனால் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் மனது அடித்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவுக்கான நாள். லான்ஃபான்ட் பிளாசா ஸ்டேஷனில் இறங்கி நடந்து ஃப்ரீயர் கேலரி என்ற கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனி இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு, 1929-இல் வாங்கியது. பார்வதியாக நிற்கும் அந்த உருவம் சோழ அரசி செம்பியன் மாதேவியாக இருக்கலாம் என்கிறார்கள். ஒல்லியான உடம்பு, இறங்கிய தோள், ஒரு கை கொடிபோலத் தொங்குகிறது. அம்மா பிறந்த ஊர் கோனேரிராஜபுரத்துக்குப் பக்கம். அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுத்தவர் செம்பியன் மாதேவிதான், கணவர் கண்டராதித்தர் பெயரில். சிறு வயதில் அங்கே பிராகாரத்தில் பாண்டி ஆடியவர் அம்மா. நான் விளக்கத்தைப் படித்துச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கோயில் கட்டுன மகராசி. இங்க வந்து தனியா நிக்குறா" என்றார். பொட்டில்லாத அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நகர நாற்பது நிமிடம் ஆனது, நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. வேறு எதையும் அன்றைக்குப் பார்க்கவும் இல்லை. ஹோட்டலில் தங்கியிருந்தால் இத்தனை செலவு செய்து வந்திருக்கிறோமே என்று அடுத்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். ரயில் ஏறி, வண்டிக்கு வந்து, அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றினார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இடத்தைக் காலி செய்தோம். அப்பா முதலில் பிரேக்கரை அணைத்து, அப்புறம் வயரைக் கழற்றிச் சுருட்டினார். மறுபடி 695-இல் மேற்கே சுற்றி, ஐ-95 பிடித்து, ஒரு மணி சுமாருக்கு டெலவேர் வெல்கம் சென்டரில் பெரிய வண்டிகள் நிற்கும் பக்கமாக நிறுத்தினேன். இன்ஜின் சத்தம் அடங்குவதற்குள் அம்மா பின்னால் மேசையில் தட்டு வைத்துவிட்டார், தயிர் சாதமும் மாவடுவும். அப்பா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து.