90 கிலோ கொண்டுபோகலாம், இஸ்திரிப் பெட்டி கூடாது

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய்வந்தோம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது இரண்டு விஷயம். எத்தனை கிலோ எடுத்துப்போகலாம், எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? வாந்தி வருமா, நம்ம சாப்பாடு கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம்தான். இரண்டுமே விமானத்தில் போய்ப் பழகியவர்கள் கேட்கிற கேள்விகள். கப்பலில் இவற்றுக்குக் காகிதத்தில் ஒரு பதிலும் நடைமுறையில் வேறொரு பதிலும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஏறியது ராயல் கரீபியன் கம்பெனியின் ‘ஆன்தம் ஆஃப் தி சீஸ்’. 2024 நவம்பரில் ஆரம்பித்துச் சில மாதங்கள் அந்தக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஓடியது. நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன், அத்தை. அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், மறுநாள் கப்பல். கப்பல் கிளம்புகிற அன்று காலையில் போய் இறங்கினாலே போதும் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொன்னார். விமானம் தாமதமானால் கப்பல் யாருக்காகவும் நிற்காது என்பதால் நாங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே போய் லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தோம். காலையில் அத்தைக்கு இட்லி கிடைத்தது, நாளும் நல்லபடியாக ஆரம்பித்தது.

கிலோ கணக்குக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் விதிப்படி ஓர் ஆளுக்கு 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90 கிலோ. நாலு பேருக்கு 360 கிலோ! அத்தை உடனே பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் மனக்கணக்கில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ஆனால் திருச்சியிலிருந்து போகும் விமானத்தில் நாம் காசு கட்டி வாங்கியது ஆளுக்கு 20 கிலோ. ஆக, விமானம் ஏறி வருகிறவர்களுக்குக் கப்பலின் 90 கிலோ வெறும் அலங்காரம். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் செலவு. கிட்டத்தட்ட 348 மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு நம் பெட்டி ஒரு பொருட்டே இல்லை. எங்கள் பெட்டிகளைத் துறைமுகத்தில் யாரும் தராசில் வைக்கவில்லை. எல்லாக் கம்பெனியும் இப்படித் தாராளம் இல்லை. கார்னிவல் கப்பல்களில் மூன்று முதல் ஐந்து நாள் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் 50 பவுண்டுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள்.

உண்மையான வரம்பு அறைதான். ஜன்னல் இல்லாத உள்ளறை, அதில் நாலு பேர். பெட்டியைக் காலிசெய்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ள இடம் இருக்கிறது. பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் போனால் ராத்திரி பாத்ரூமுக்குப் போகிறவர் இடித்துக்கொள்வார். எங்களுக்கு இரண்டு பெரிய பெட்டி, ஆளுக்கொரு தோள்பை. சரியாக இருந்தது.

எடையைவிட, என்ன கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியலைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடம் கிடையாது. சூடாகிற, எரிகிற எதையும் அவர்கள் விடுவதில்லை. இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, குட்டி ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதற்கும் அனுமதி இல்லை. “சூடம்கூட ஏத்தக் கூடாதா?” என்று அத்தை கேட்டார். கூடாது அத்தை. சின்ன முருகன் படமும் திருநீறும் போதும் என்று சமாதானமானார். கத்தியும் கூடாது. பிரிக்காத பாக்கெட்டில் இருந்த முறுக்கு, தட்டைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அறையில் அமெரிக்க பிளக் பாயின்ட்டோடு ஐரோப்பிய 220 வோல்ட் பாயின்ட்டும் இருக்கிறது. நம் ஊர் போன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் குச்சியும் அதில் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். யூஎஸ்பி துளையும் உண்டு.

அடுத்தது நேரம். டிக்கெட்டில் மாலை 5 மணி என்று போட்டிருந்தால் அது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம், நாம் போய்ச் சேரவேண்டிய நேரம் இல்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லாரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும் என்பது விதி. கடைசிப் பயணி உள்ளே வந்த பிறகுதான் பயணிகள் பட்டியலை முடிக்கலாம், ஏணிப்பாலத்தை எடுக்கலாம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இவ்வளவு பெரிய கப்பலை, வழிகாட்டிக் கூட்டிப்போகும் துறைமுக பைலட் இல்லாமல் நகர்த்தவும் கூடாது. இத்தனை பேருடைய வேலையும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. செக்-இன், பாதுகாப்புச் சோதனை, குடியேற்றம் என்று வரிசைகளையும் சேர்த்துக் கணக்குப்போட்டால் மதியம் 3 மணிக்கு வாசலில் வந்து இறங்குகிறவர் விரதம் இருந்து வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் வருகை நேரச் சீட்டு. பயணத்துக்கு 45 நாள் முன்பு கப்பல் கம்பெனியின் செயலியில் செக்-இன் திறக்கும். பாஸ்போர்ட் விவரம், முகப் படம், செலவுக்கான கார்டு எல்லாம் கொடுத்தால் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்கும். மதியத்துக்கு முந்தைய நேரங்கள்தான் முதலில் காலியாகின்றன. திறந்த அன்றே உட்கார்ந்தால் பிடித்த நேரம் கிடைக்கும். நாங்கள் 12 மணியை எடுத்தோம். அதற்கும் முன்னால் போவதில் பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். அன்று காலையில்தான் அதே கப்பல் முந்தைய பயணத்தை முடித்து 4,000 பேருக்கு மேல் இறக்கியிருக்கும். அவர்களுடைய பெட்டிகள் இறங்கி, அறைகள் துடைத்து, விரிப்பு மாற்றி, அடுத்த கூட்டத்தின் பெட்டிகள் ஏற வேண்டும். சீக்கிரம் ஏறினாலும் அறை திறக்க எங்களுக்கு மதியம் 1 மணி தாண்டிவிட்டது. அதுவரை தோள்பையோடு சுற்ற வேண்டும்.

போகிற இடத்திலும் ஒரு குழப்பம் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் நிலையம் இரண்டு. ஹார்பர்ஃபிரன்ட்டில் இருப்பது சிங்கப்பூர் குரூஸ் சென்டர், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்துதான் போகின்றன. எங்கள் கப்பல் நின்றது 2012-இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டரில். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் டாக்சியில் ஏறும்போது மரினா பே என்று அழுத்திச் சொல்லுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு வடக்கு-தெற்குத் தடத்தின் கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியர், அங்கிருந்து நடைதூரம். லிட்டில் இந்தியாவிலிருந்து டோபி காட் வந்து மாறினால் போதும். அத்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் டாக்சிதான் பிடித்தோம்.

டாக்சி நின்றதுமே போர்ட்டர்கள் பெட்டியை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு முன் பெட்டியில் டேக் இருக்க வேண்டும். செயலியிலிருந்து ஏ4 தாளில் அச்செடுத்து, கோடு போட்ட இடத்தில் மடித்து, கைப்பிடியைச் சுற்றி ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். பெயர், கப்பல், அறை எண் எல்லாம் அதில் இருக்கும். வெறும் தாள், மழை பெய்தால் கூழாகிவிடும். அதனால் மேலே அகலமான செலோடேப் ஒட்டியிருந்தோம். பெட்டிக்குள்ளேயும் அறை எண் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைப் போட்டுவைத்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் டேக்கைக் கையில் பிடித்தபடி எதை வைத்து ஒட்டுவது என்று திகைத்து நிற்க, போர்ட்டர் இடுப்பிலிருந்து ஸ்டேப்ளரை உருவி மூன்று அடி அடித்து, பெட்டியை வண்டியில் எறிந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த வேகத்தைப் பார்த்ததும் ஊறுகாய் பாட்டிலை விமானத்துக்குச் சுற்றியதைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி கையைவிட்டுப் போனால் சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். முதல் நாள் முழுக்கத் தோள்பையை நம்பித்தான். பாஸ்போர்ட், விசாத் தாள், அத்தையின் மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, சார்ஜர், ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு, பையனின் நீச்சல் உடுப்பு எல்லாம் அதற்குள். நீச்சல் உடுப்பு முக்கியம். மற்றப் பிள்ளைகள் குளத்தில் குதிக்கும்போது நம் பிள்ளையின் உடுப்பு மட்டும் கீழே எங்கோ வண்டியில் கிடந்தால் சாயங்காலம் வரை முகத்தைப் பார்க்க முடியாது.

அத்தைக்காகச் சக்கர நாற்காலியை முன்பே சொல்லிவைத்திருந்தோம். நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வழியாகக் கூட்டிப்போனார்கள். அந்த நாற்காலி அறை வரைக்கும்தான், பயணம் முழுவதற்கும் இல்லை. தினமும் தேவைப்படுகிறவர்கள் சொந்தமாகக் கொண்டுபோவதோ வாடகைக்கு எடுப்பதோ நல்லது.

செக்-இன் மேசையில் அவர்கள் உற்றுப் பார்த்தது சிங்கப்பூர் விசாவைத்தான். கப்பல் சிங்கப்பூரில் தொடங்கிச் சிங்கப்பூரிலேயே முடிந்தாலும், நடுவில் மலேசியா, தாய்லாந்து போவதால் நாம் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறோம் என்றுதான் கணக்கு. அதனால் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் மிச்சம் இருக்க வேண்டும். நாங்கள் போன சமயத்தில் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா கேட்கவில்லை. இது மாறக்கூடியது, போகிறவர்கள் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் விசாவைப் போனில் தேடிக்கொண்டிருந்தது, போனுக்கோ சிக்னல் இல்லை. அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டிவிட்டு நாங்கள் நகர்ந்தோம். அதன்பிறகு ஸ்கேனர், குடியேற்றம், ஏணிப்பாலம் என்று மளமளவென்று முடிந்துவிட்டது.

ஏறியதும் எல்லாரும் பஃபே சாப்பாட்டுக்கு ஓடுகிறார்கள். ஓடட்டும். அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். செயலியில் காணொளி பார்த்து, ஆபத்து நேரத்தில் கூடுவதற்கு நமக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் இருக்க முடியாது, அறிவிப்பில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த சர்வதேச விதி, 2015 ஜனவரி 1 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாறிவிட்டது.

சாயங்காலம் ஆறரை மணிவாக்கில் எங்கள் பெட்டிகள் வந்தன. எதிர் அறையில் இருந்த ஈரோட்டுக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு பெட்டி வரவில்லை. விசாரித்தால், ஸ்கேனரில் ஏதோ தெரிந்ததால் கீழே பாதுகாப்பு அறையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அண்ணன் போய் அவர்கள் முன்னால் பெட்டியைத் திறக்க, உள்ளே இஸ்திரிப் பெட்டி. ரசீது கொடுத்து எடுத்து வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது திருப்பித் தருவதாகச் சொன்னார்களாம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஆனால் அந்த வரிசையில் நின்றதில் கப்பல் கரையைவிட்டு நகர்வதை அவர் பார்க்கவே இல்லை. “கசங்கின சட்டையோட போட்டோ எடுக்கக் கூடாதுன்னு உங்க அண்ணிதான் வெச்சுது” என்றார்.

ஏறிய பிறகு செய்யவேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. சிங்கப்பூருக்குள் திரும்ப நுழைய, எஸ்ஜி வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை மறுபடியும் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை ஏற்றுக்கொள்வார்கள். நாலு இரவுப் பயணத்தில் ஏறும் முன்பே முடித்துவைக்க வழியில்லை. நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் காசு. புக்கெட்டில் கரையில் இறங்கியபோது ஒரு காபிக் கடையின் வைஃபையில் நாலு பேருக்கும் நிரப்பிவிட்டேன், காசு எதுவும் இல்லை. கடைசி ராத்திரி பெட்டியை அறைக்கு வெளியே வைத்தால் அவர்களே இறக்குகிறார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை வெளியே வையுங்கள். பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு இறங்கினால் சீக்கிரம் வெளியே வரலாம். எப்படியானாலும் திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் போடுங்கள்.